எலோதியாவின் பெயரில்

மதேரா, கலிபோர்னியா
28 மார்ச் 2021

அன்புள்ள அக்கா எலோதியாவுக்கு,

இருமல் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. நீ அனுப்பிய மிளகாய்ச் சாந்து வழியில் உடைந்து, வேன்காரர் மர்சியால் கொண்டுவந்த மூட்டை எல்லாவற்றிலும் ஏறி, என்னிடம் வந்தபோது பாதிதான் இருந்தது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "ஊர்ப்பட்ட பேரோட செருப்பு, சட்டை எல்லாம் உங்கக்கா கைமணத்தோட வந்து இறங்கியிருக்கு, சந்தோஷப்படும்மா" என்றார். மீதியை நானும் அறைத்தோழி ஃபிதென்சியாவும் மூன்று நாளில் வழித்துத் தின்றுவிட்டோம்.

போன் இருக்கும்போது ஏன் எழுதுகிறாய் என்று கேட்டாய். ஒரே அறையில் நாலு பேர் படுக்கிறோம். போனில் நான் பேசுவதெல்லாம் நாலு பேருக்கும் சேர்த்துப் பேசுவதுதான். அதுபோக, செனாய்தா என்று நான் கையெழுத்துப் போடுவது இந்தக் கடிதங்களில் மட்டுமே. அதை விட எனக்கு மனசில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கும் உரிமைக் காகிதம் இல்லாமல் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் காகிதம் தருவதாக ஒரு மசோதா வாஷிங்டனில் கீழவையைத் தாண்டிவிட்டது. மேலவையும் தலையாட்டினால் சட்டம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூடத்தில் கேக் வெட்டினார்கள். மேலே பச்சை க்ரீமில் திராட்சைக் கொத்து. நாளெல்லாம் எதைப் பார்த்துக் கண் பூத்துப்போகிறதோ அதையே தட்டில் வைத்து நீட்டினால் எப்படி இருக்கும்? என் துண்டை ஃபிதென்சியாவிடம் தள்ளிவிட்டேன்.

புதன்கிழமை தேர்தலில் நிற்கிற ஒரு ஐயா வயலுக்கே வந்தார். காலில் புத்தம்புது பூட்ஸ். கடைச் சீட்டின் நூல்கூட அறுக்கவில்லை. கத்திரியை வாங்கி, இந்த வருஷம் காய்க்கட்டும் என்று நாங்கள் கம்பியில் கட்டி வைத்திருந்த கொடியையே நறுக்கென்று வெட்டிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஃபிதென்சியாவின் கையைப் பிடித்துத் தூக்கி, "இந்தக் கைகள்தான் நமக்குச் சோறு போடுகின்றன" என்றார். இறக்கிவிட்ட மறுநொடியே ஒரு பெண் ஓடிவந்து அவர் கையில் கிருமிநாசினி ஊற்றினாள். ஃபிதென்சியா என் காதில், "என் கையைப் புகழ்ந்துட்டுத் தன் கையைக் கழுவுறான் பாரேன்" என்றாள். சிரிப்பு வரவில்லை அக்கா. அந்த வெட்டுப்பட்ட கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதிகளைக் கேட்டால் இன்னும் அருவருப்பு. வயலில் உழைத்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பிறகு இன்னும் நாலு வருஷம் வயலை விட்டு நகரக் கூடாது. அதற்கப்புறம்தான் முழுக் காகிதம். இத்தனை காலம் குனிந்தவள், இன்னும் நாலு வருஷம் குனிந்தால் நிமிர்ந்துகொள்ளலாம் என்கிறார்கள். நான் என்ன திராட்சையோடு சேர்த்து விற்கிற கூடையா?

இருந்தாலும் எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேண்டும்.

இலவச சட்ட உதவிக்கு வரும் வக்கீலம்மா ஒரு வழி சொன்னார். பிறர் பெயரில் வேலை செய்ததை மன்னிக்கும் பிரிவு ஒன்று மசோதாவில் இருக்கிறதாம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், அப்படியே கொண்டுபோய்க் கொடு:

எலோதியா சாந்தியாகோவாகிய நான், என் பெற்றோர் திராட்சை வேலைக்குப் போயிருந்தபோது மதேராவில் பிறந்து, மூன்று வயதில் ஊர் திரும்பியவள். அதற்குப் பிறகு எல்லை தாண்டியதில்லை. என் தங்கை செனாய்தா மெக்சிகோவில் பிறந்தவள். 1999-இல் என் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வடக்கே போய், இன்றுவரை அந்தப் பெயரில் வேலை செய்கிறாள். அங்கே என் பெயரில் பதிவான வருஷங்கள் எல்லாம் அவளுடையவை.

அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு பேரும் படித்தோம். வேலை ஒன்றுதான் இருந்தது. அம்மா ஓய்வு பெறும்போது பிள்ளைகளில் ஒருத்திக்கு வரும் அவள் பள்ளிக்கூட வேலை உனக்கு, உன் பெயர் எனக்கு என்று அடுப்படியில் உட்கார்ந்து பாகம் பிரித்தோமே, அதை நோட்டரியிடம் சொல்ல வேண்டாம்.

உன் பெண் யாரெலிக்கு முத்தம். சித்தி கேட்டதாகச் சொல்.

செனாய்தா


சான் இசித்ரோ, வஹாக்கா, மெக்சிகோ
2 மே 2021

என் செல்லத் தங்கை செனாய்தாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை நானும் ஒரு தடவை யாரெலியும் படித்தோம். பூட்ஸ்காரரை நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு உன்னைப் போலத்தான், வயிற்றைப் பிரட்டியது. இங்கேயும் குறைச்சல் இல்லை. நகராட்சி வாசலில் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள்: 'வடக்கே போன எங்கள் வீரர்களுக்கு வணக்கம்.' கட்டின ஆளைத் தெரியும். போன வருஷம் நோய் பரவியபோது வடக்கிலிருந்து வந்த ஒருவரை ஊருக்குள் விடாமல் கயிறு கட்டித் தடுத்தவன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காதே. இந்த வருஷ ஊர்ச்சபையில், முறைவைத்து ஒரு வருஷம் சம்பளமில்லாமல் செய்யும் கோயில் ஊழியத்துக்கு உன் பெயர் வந்தது. உனக்குத் தெரியும், கூப்பிட்ட பெயருக்கு ஆள் எழுந்து நிற்காவிட்டால் ஊரில் அவர் உரிமையே போய்விடும் என்று. தலைவர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், உங்க தங்கச்சி இருபது வருஷமா ஆளையே காணோம். பேரை அடிச்சிடலாமா?" என்றார்.

"அடிக்காதீங்க" என்றேன்.

"அப்ப யார் செய்யறது? வேலை செய்யாத பேரை வச்சு நாங்க என்ன பூஜையா போடறது?"

"நான் செய்றேன். இந்த வருஷத்துக்கு நான்தான் செனாய்தா."

சபையே சிரித்தது. இப்போது பள்ளி விட்டதும் நேரே கோயிலுக்குப் போகிறேன். கூட்டுகிறேன், பூ மாற்றுகிறேன், மணி அடிக்கிறேன். கடைக்காரர்கள்கூட "என்ன செனாய்தா, இன்னிக்கு மணி லேட்டு?" என்று வம்புக்கு இழுக்கிறார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். நீ அங்கே எத்தனை வருஷம் என் பெயருக்குத் திரும்பியிருப்பாய் என்று மணிக்கயிற்றைப் பிடித்தபடி யோசித்தேன். கயிறு கையை அறுத்துவிட்டது.

நோட்டரியிடம் போகிறேன். பரீட்சை முடியட்டும்.

யாரெலியை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. ஒன்பதாவதுக்குப் பிறகு சேரும் செவிலியர் பள்ளியில் இந்தத் தடவையும் இடம் கிடைக்கவில்லை என்றால் வடக்கே போய்விடுவாளாம். "சித்தி போகலையா, அவங்க என்ன செத்தா போயிட்டாங்க?" என்கிறாள். அவள் வகுப்பில் படித்த இரண்டு பெண்கள் ஏப்ரலில் ஏஜென்ட் பின்னால் பாலைவனத்துக்குள் போனார்கள். ஒருத்தி போன் பண்ணினாள். இன்னொருத்தி இன்னும் பண்ணவில்லை.

சாந்தை இந்தத் தடவை தகர டப்பாவில் அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா
எலோதியா


மதேரா
18 ஜூலை 2021

அன்புள்ள அக்காவுக்கு,

தகர டப்பா உடையவில்லை. நீ எனக்காக மணி அடிப்பதை ஃபிதென்சியாவிடம் சொன்னேன். "நீ இங்க அவளா வேகுற, அவ அங்க நீயா மணியடிக்கிறா. வசமாத்தான் வேலையை மாத்திக்கிட்டீங்க" என்றாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

இந்த வாரம் நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குழுவில் ரொகேலியோ என்று ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும், குவெரேரோ பக்கத்துக்காரர். செவ்வாய்க்கிழமை வெயிலில் கொடிக்கு அடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எங்கள் மேஸ்திரி எவாரிஸ்தோ, "நடிக்கிறான், விடுங்க, அடுத்த வரிசைக்குப் போங்க" என்றான். ஆம்புலன்ஸ் வந்தபோது உடம்பு இன்னும் சூடாக இருந்தது, ஆனால் அது வெயிலின் சூடு.

அதற்குப் பிறகுதான் அசிங்கம். பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பக் காகிதம் வேண்டும். ரொகேலியோ வேலை செய்தது வேறொருவர் பெயரில். அந்தப் பெயர்க்காரர் மெக்சிகோவில், ஹலிஸ்கோ மாநிலத்தில் உயிரோடு மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பயந்துகொண்டு போனை எடுக்கவே இல்லை. ரொகேலியோவின் அம்மா போனில், "என் பிள்ளையை நான் கேக்குறேன், வேற யார் பிள்ளையையோ ஏன் பேசுறீங்க?" என்று கத்துகிறாள். ஐந்து நாளாகக் குளிர்பெட்டியில் கிடக்கிறார். மேஸ்திரி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்கிறான்: "பாவம், நல்ல வேலைக்காரன். பேர்தான் என்னன்னு தெரியல."

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. நான் இங்கே விழுந்தால் இவர்கள் புதைப்பது உன்னைத்தான், அக்கா. கல்லில் எலோதியா சாந்தியாகோ என்று வெட்டுவார்கள். செனாய்தா எங்கே போனாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இத்தனை வருஷம் திராட்சை பறித்தவள் ஒருத்தி இருந்தாளா இல்லையா என்பதே தெரியாமல் போகும். எனக்கு அந்தக் காகிதம் வேண்டியது வேலைக்காகக்கூட இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரோடு சாக வேண்டும். அவ்வளவு சின்ன ஆசை.

நோய்க்காலத்தில் எங்களுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள், 'இவர் அத்தியாவசியத் தொழிலாளி' என்று. ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது நாங்கள் வெளியே போகலாம் என்பதற்காக. ரொகேலியோவின் சட்டைப் பையில் அது நாலாக மடித்து இருந்தது.

நாங்கள் வயலில் உழைத்ததற்கு மேஸ்திரியும் சாட்சிக் கடிதம் தருகிறானாம். ஞாயிறுதோறும் போய் அவன் வீட்டு முற்றத்தில் கல் பதித்துக் கொடுத்தால் தருவான். பெண்கள் என்றால் கல் வேண்டாம், சாயந்திரம் வந்தால் போதும் என்கிறான். அவன் சிரிக்கும்போது வாயில் எப்போதும் சூரியகாந்தி விதையின் தோல் ஒட்டியிருக்கும். அவன் கையிலிருந்து அந்தத் தாளை வாங்குவதை நினைத்தாலே கையைக் கழுவத் தோன்றுகிறது. நான் போக மாட்டேன். எனக்கு நீ இருக்கிறாய்.

நோட்டரி என்ன சொன்னார்?

செனாய்தா


சான் இசித்ரோ
12 செப்டம்பர் 2021

அன்புத் தங்கைக்கு,

ரொகேலியோவுக்காகக் கோயிலில் விளக்கு ஏற்றினேன். உன் ஊழியத்தில் இருப்பதால், ஏற்றியது நீதான் என்று வைத்துக்கொள்.

தாமதத்துக்குக் கோபிக்காதே. முதலில் மழையில் பாதை போனது. பாதையைச் சரிசெய்ததும் எங்கள் ஆசிரியர் சங்கமே போராட்டம் என்று அதை மறித்தது; நானும்தான் கல் அடுக்கினேன். பிறகு நோட்டரிக்குக் காய்ச்சல். நேற்றுத்தான் பார்க்க முடிந்தது.

அவர் சொல்வது, வெறும் உறுதிமொழி நிற்காது, சம்பளச் சீட்டுகளும் வருஷாந்திர வரிச் சீட்டுகளும் வேண்டும் என்று. குறிப்பாக ஆரம்ப வருஷங்களுடையவை. 1999-லிருந்து 2004 வரை. நகல் இல்லை, அசல். நீ எதையும் எறிய மாட்டாய், கட்டி வைத்திருப்பாய் என்று தெரியும். மர்சியாலிடம் கொடுத்தனுப்பு.

யாரெலிக்கு இந்தத் தடவையும் இடம் இல்லை. அவள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு முதுகுப் பை கட்டி வைத்திருக்கிறாள். துணி மடிக்கும்போது பார்த்தேன். அதில் இரண்டு தண்ணீர் பாட்டில்.

வறுத்த வெட்டுக்கிளி அனுப்புகிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

எலோதியா


மதேரா
7 நவம்பர் 2021

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் எல்லாம் வருகிறது. பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் தரையில் பரப்பி ஒரு தடவை பார்த்தேன். முதல் வருஷச் சீட்டுகளில் பழுப்புக் கறை இருக்கும். அது திராட்சைச் சாறு இல்லை. கத்திரி பிடித்துக் கை வெடித்த வருஷம். அடுத்த வருஷத்துச் சீட்டில் கந்தகத் தூள் வாடை இன்னும் போகவில்லை. கண் எரிந்து மூன்று நாள் எதையும் பார்க்காமல் படுத்திருந்தேன். மேலே உன் பெயர், ஒவ்வொன்றிலும்.

2004 கட்டில் ஒன்று மட்டும் கசங்கியிருக்கும். யாரெலி பிறந்தாள் என்று நீ போன் பண்ணிய நாள். கொடியில் இலை கழித்துக்கொண்டிருந்தேன். எங்கே ஓடுகிறாய் என்று மேஸ்திரி கத்தினான். தெருமுனைப் போன் பெட்டியில் நின்று அவள் அழுவதைக் கேட்டேன். அன்று அரைநாள் சம்பளம் வெட்டினார்கள். அந்தச் சீட்டைத்தான் கசக்கி எறியப் போய், எறியாமல் வைத்தேன்.

யாரெலியைப் போக விடாதே. பையை எடுத்து ஒளித்து வை. கதவைப் பூட்டு. என் கால் கட்டை விரலில் நகம் முளைக்கவே இல்லை, தெரியுமா? உன் சான்றிதழை எல்லைக் கதவில் காட்டப் பயந்து நடந்தேனே, அந்தப் பாலைவனத்தில் விட்டது. இருபது வயதில் அது வீரமாகத் தெரியும். அவளிடம் சொல், சித்தி முழங்காலில் நின்று கேட்கிறாள் என்று.

அசலை வெளியே அனுப்பாதீர்கள் என்று வக்கீலம்மா கடிந்துகொண்டார். "அக்காவிடம்தானே அனுப்புகிறேன்" என்றேன்.

செனாய்தா


மதேரா
15 மே 2022

அக்கா,

ஆறு மாதமாக ஒரு வரி இல்லை. மர்சியால் நீ நன்றாக இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் உன் வீட்டில் அவர் கேட்டபோது கடிதம் இல்லை என்றாயாம். போனில் யாரெலியைப் பற்றி மட்டும் பேசுகிறாய். நோட்டரி என்றால் சிக்னல் கிடைக்கவில்லை என்று வைத்துவிடுகிறாய்.

மேலவையில் மசோதா இன்னும் கிடக்கிறது. ரேடியோவில் ஒரு நாள் வரும் என்கிறார்கள், ஒரு நாள் வராது என்கிறார்கள். பண்ணை முதலாளிகள் சிலர் எங்களுக்காகப் பேசுகிறார்கள், தெரியுமா? ஆள் பற்றாக்குறையாம். எங்களைப் பற்றி உரத்தைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறார்கள். அதற்குக்கூடக் கைதட்ட வேண்டியிருக்கிறது.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

செனாய்தா


சான் இசித்ரோ
27 டிசம்பர் 2022

என் அன்புத் தங்கை செனாய்தா,

இந்தக் கடிதத்தை மர்சியால் கொண்டுவரவில்லை, யாரெலியே கொண்டுவருகிறாள். அவள் பாலைவனம் வழியாக வரவில்லை. விமானத்தில் வருகிறாள். அதை முதலில் நினைத்துக்கொள், பிறகு மற்றதைப் படி.

உன்னிடம் சீட்டுகளைக் கேட்டு எழுதுவதற்கு முன்பே எனக்கு ஒரு சட்டம் தெரிய வந்தது. அங்கே பிறந்த தாய், பிள்ளை பெறுவதற்கு முன்னால் ஐந்து வருஷமாவது அங்கே வாழ்ந்திருந்தால், பிள்ளை எங்கே பிறந்தாலும் அந்த நாட்டுக் குடிமகள். ஆனால் பதினெட்டு வயதுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். யாரெலிக்கு ஜூனில் பதினெட்டு. நான் அங்கே வாழ்ந்தது கைக்குழந்தையாக மூன்று வருஷம். காகிதத்தில் மட்டும் 1999-லிருந்து அங்கேதான் இருக்கிறேன். இங்கே அந்த வருஷங்களில் அம்மா ஓய்வு பெறவில்லை, நான் தற்காலிக டீச்சர். எந்தப் பதிவிலும் இல்லை. அவள் பிறப்பதற்காக ஊருக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டேன் என்று சொன்னேன். அந்தக் கசங்கிய சீட்டையும் அதற்குப் பிந்தியவற்றையும் முதலிலேயே எடுத்துவிட்டேன். அதிகாரி சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "கடுமையாக உழைத்திருக்கிறீர்கள்" என்றார். ஆமாம் என்றேன்.

அப்போது என் உடம்பெல்லாம் ஏதோ ஒட்டிக்கொண்டது போல இருந்தது. இன்னும் போகவில்லை. என்னை நீ எவ்வளவு வெறுத்தாலும் அதில் பாதியை நானே முடித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பார். மசோதா செத்துவிட்டது; போன வாரம் டிவியில் சொன்னார்கள். உன் வருஷங்கள் வீணாகத்தான் போயிருக்கும். இப்போது ஒரு பெண்ணாவது பிழைத்தாள். நானும் ஒரு வருஷம் உன் பெயரில் கோயில் கூட்டினேன், ஊர் சிரித்தபோது சகித்தேன். பெயரைக் கொடுத்து வாங்கியது நாம் இருவரும்தானே.

ஒன்று கேட்கிறேன். இனி எந்தச் சட்டம் வந்தாலும், அந்த ஆரம்ப வருஷங்கள் உன்னுடையவை என்று யாரிடமும் சொல்லாதே. சொன்னால் யாரெலியின் குடியுரிமை போய்விடும், என்னையும் உள்ளே தள்ளுவார்கள். நோட்டரியிடம் நான் போகவே இல்லை, இனிப் போகவும் முடியாது. வேண்டுமானால் குடிமகள் என்ற முறையில் என் தங்கைக்கு விசா கேட்டு நானே விண்ணப்பிக்கிறேன். வரிசை நீளம் என்கிறார்கள். ஆனாலும் வரிசைதானே.

அவளுக்கு இரவில் பால் குடிக்கும் பழக்கம். குளிர் தாங்க மாட்டாள்.

எலோதியா


மதேரா
22 ஜனவரி 2023

செனாய்தாவுக்கு,

உன் மகள் வந்து சேர்ந்தாள். ஃபிரெஸ்னோ விமான நிலையத்துக்கு ஃபிதென்சியாவின் காரில் போயிருந்தோம். உன்னுடைய நடை அவளுக்கு, இடது தோளைச் சாய்த்துக்கொண்டு. தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

"சித்தி! போட்டோல குண்டாத் தெரிஞ்சீங்க, இவ்வளவு ஒல்லியா இருக்கீங்க?" என்று கட்டிக்கொண்டாள்.

ஃபிதென்சியா வாயைப் பிளந்தாள். "எப்படிடி வந்தே? யாரு கூட்டிட்டு வந்தா? எவ்வளவு பேரோட?"

"யாரும் இல்ல. ஜன்னல் சீட்டு. ரெண்டு தடவை ஜூஸ் குடுத்தாங்க."

"ஜூஸா? எங்களுக்கு மாட்டுத் தொட்டித் தண்ணிதான் குடுத்தானுங்க."

வீட்டில் அடுப்பில் அவரைப்பயறு வெந்துகொண்டிருந்தது. யாரெலி பையிலிருந்து நீலப் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் சோளரொட்டித் துணிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஃபிதென்சியா கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டாள். கதையை யாரெலியே சொன்னாள், ஒளிவு மறைவு இல்லாமல், நல்ல செய்தி சொல்வது போல. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியும்ல சித்தி? 'சித்தி தன் வருஷத்தையெல்லாம் உனக்குக் குடுத்துட்டா, அவளை மறந்துடாதே'ன்னு அம்மா சொன்னாங்களே. நீங்கதானே குடுத்தீங்க?" என்றாள்.

ஃபிதென்சியா என்னைப் பார்த்தாள். பயறு அடிப்பிடிக்கும் வாடை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஆமா கண்ணு, நான்தான் குடுத்தேன்" என்றேன்.

யாரெலி குனிந்து என் இரண்டு கைகளையும் முத்தமிட்டாள். என் கையைத் தொட்டுவிட்டுக் கழுவாதவர்கள் இந்த ஊரில் அதிகம் இல்லை. அதற்காகத்தான் அந்தப் பொய். உனக்காகச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை அவள் தூங்கின பிறகு படித்தேன். மசோதா போன வாரம் செத்தது, அதனால் எடுத்துக்கொண்டேன் என்கிறாய். பாஸ்போர்ட்டில் தேதி இருக்கிறது. ஏப்ரல். நான் மே மாதம் உன் உடம்புக்கு என்ன என்று கேட்டு எழுதினேன். அப்போது மசோதா உயிரோடு இருந்தது. நீ அது சாகும்வரை காத்திருந்து, பிறகு சவத்தைக் காட்டி நியாயம் பேசுகிறாய். பூட்ஸ்காரரை நினைத்து வயிற்றைப் பிரட்டியது என்று எழுதினாயே. அவர் தெரியாமல் வெட்டினார். இது காய்க்கிற கொடி என்று உனக்குத் தெரியும்.

நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? இரண்டு வாரமாகக் கொடிகளுக்கு நடுவே குனிந்துகொண்டு இதையே கேட்டுப் பார்க்கிறேன். அந்த முதுகுப் பையை நினைத்தால், கொடுத்திருப்பேன் என்று தோன்றுகிறது. சில நாள் தோன்றவில்லை. எது நிஜம் என்று இனி எனக்கே தெரியப் போவதில்லை. நீ எடுத்துக்கொண்டதில் பெரியது அதுதான். வருஷங்கள் இல்லை.

புது வருஷம், புது மசோதா. வேறொரு ஐயா கிளம்பியிருக்கிறார். தேவாலயக் கூடத்தில் மறுபடியும் நாற்காலி போடுகிறார்கள். நான் போகவில்லை. வக்கீலம்மா வாசலில் பிடித்துக்கொண்டு, "உங்கள் அக்கா எழுதிக் கொடுத்தது வந்ததா?" என்று கேட்டார்.

"எனக்கு அக்கா கிடையாது. ஒரு தங்கச்சிதான். அவ ஊர்ல கோயில் மணி அடிக்கிறா" என்றேன்.

அவர் தன் காகிதக் கட்டிலிருந்து என் கோப்பை உருவித் தனியே வைத்துக்கொண்டார். நல்ல பெண். மேற்கொண்டு கேட்கவில்லை.

யாரெலி என் கட்டிலில் படுக்கிறாள், நான் கீழே. செவிலியர் படிப்புக்கு மதேரா கல்லூரியில் சேர்த்தாயிற்று. 'தாய் பெயர்' என்ற இடத்தில் எலோதியா சாந்தியாகோ என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரவில் பால் காய்ச்சிக் கொடுக்கிறேன். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அவள் இந்தக் கொடிகளுக்குள் ஒரு நாள்கூட நுழைய மாட்டாள்.

தங்கைக்கு விசா கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய். தங்கை இங்கே இல்லை. ஊர்ச்சபையில் அடுத்த தடவை செனாய்தா என்று கூப்பிட்டால் நீ எழுந்து நில். ஒரு வருஷம் கூட்டியதில் பெயர் சொந்தமாகிவிடாது, இன்னும் கூட்டு. நான் உன் பெயரில் இங்கே இருபத்து மூன்று வருஷம் குனிந்திருக்கிறேன், அதனால் இது எனக்குச் சொந்தம். நான் விழுந்தால் இவர்கள் கல்லில் சரியான பெயரைத்தான் வெட்டுவார்கள். நீ விழும்போது அங்கே செனாய்தா என்று வெட்டச் சொல்லி வை. பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் இருக்காது.

மிளகாய்ச் சாந்து இனி அனுப்ப வேண்டாம். யாரெலிக்கு வேண்டுமானால் அவள் பெயருக்கு அனுப்பு.

எலோதியா சாந்தியாகோ